கயிறு பிடிக்கும் மச்சான் யார்?

நான் அந்தமான் பக்கத்தவன் என்று தெரிந்தால் போதும், இப்பல்கலைக்கழகத்திலே நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "கடலுக்கு அடியில் போய்ப் பார்த்திருக்கிறாயா?" என்பதுதான். அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். "எந்தக் கம்பெனியில் போனால் மலிவு?"

வருகின்ற குளிர்கால விடுமுறையில் நம் தமிழ் மன்றத்தார் அந்தமானுக்குச் சுற்றுலா செல்ல எண்ணியிருப்பதை எல்லோரும் அறிவீர்கள். சுற்றுலாக் குழுவின் கூட்டத்திலே மூன்று முக்குளிப்பு நிறுவனங்களின் விலைப்பட்டியல் படிக்கப்பட்டது. குறைந்த விலை கூறியவரையே அமர்த்திக் கொள்வோம் என்று ஏறக்குறைய முடிவும் ஆகிவிட்டது. "தீவுக்காரன் நீ என்ன சொல்கிறாய்?" என்று என்னையும் கேட்டனர். "பார்த்துச் செய்யுங்கள்" என்று மழுப்பிவிட்டு எழுந்து வந்தேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று எழுதுகிறேன். மழுப்பியதற்குக் காரணம் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

என் ஊர் கட்சால். போர்ட் பிளேயருக்கு, அதாவது 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகருக்கு, 400 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே, நிக்கோபார்த் தீவுகளின் நடுவே இருக்கிறது. அங்கே முக்குளிப்பு நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அது நிக்கோபாரிய மக்களின் காப்பு நிலம். வெளியார் அனுமதிச் சீட்டின்றிக் கால் வைக்க இயலாது; உல்லாசப் பயணத்திற்கு அங்கே இடமில்லை. அவ்வாறாயின் தமிழர்களாகிய நாங்கள் அங்கே எப்படிப் போனோம்? 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின் விளைவாக இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில, இரப்பர் பயிரிடுவதற்காகக் கட்சாலில் குடியேற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று என் தாத்தாவின் குடும்பம். அவர் மரத்தில் பால் வெட்டத் தெரிந்தவர், கடல் தெரியாதவர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை எங்கள் தீவில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. எனக்கு அப்போது வயது இரண்டு. எனக்கு நினைவு தெரிந்த வீடு தகரக் கொட்டகைதான். அந்நாள் தொட்டு என் தாத்தா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை. எங்கள் அண்டை வீட்டு நிக்கோபாரியரோ கடலிலேயே பிறந்தவர் போல்வர். ஆயினும் நீரின் நிறம் சற்று மாறினால் தம் ஹோடிப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். கடலை அறியாதவரும் அஞ்சினார். அறிந்தவரும் அடங்கி நடந்தனர். இவ்விருவரையும் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படி வளர்ந்தும் தவறினேன் என்பதுதான் வெட்கம்.

2024 டிசம்பர் விடுமுறையில், கல்லூரிக் காலத்து நண்பர்கள் மூவருடன் சுவராஜ் தீவுக்குச் சென்றேன். முன்பு ஹேவ்லாக் எனப்பட்ட தீவு அது. கப்பல்துறையில் இறங்கியதுமே தரகர் ஒருவர் வந்து சூழ்ந்துகொண்டார். மற்றவர்களைவிட விலை குறைவு, புகைப்படம் இலவசம், வீடியோவும் இலவசம், நாளை காலையே போகலாம் என்றார். வேறெவரையும் விசாரிக்காமல் பணம் கட்டினோம்.

மறுநாள் காலை ஆங்கிலத்தில் அச்சிட்ட உடல்நலப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். "எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திடுங்கள், படகு காத்திருக்கிறது" என்றார் அங்கிருந்தவர். எங்களில் ஒருவருக்கு இரண்டு நாளாகத் தடிமன் பிடித்திருந்தது. அவர் எழுதுகோலைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். தீவிலே பிறந்தவன் நான் அல்லவா? "ஒன்றும் ஆகாது மச்சான், போட்டுவிடு" என்றேன்.

இடுப்பளவு நீரில் ஐந்து நிமிடப் பயிற்சி, பிறகு கடல். ஒரு வழிகாட்டி இருவரை இரு கைகளிலும் பிடித்து இறக்கினார். மூன்று மீட்டர் ஆழத்திலேயே நண்பருக்குக் காது வலித்திருக்கிறது. காதைக் காட்டினார், மேலே போகவேண்டும் என்று கட்டைவிரலையும் காட்டினார். வழிகாட்டியோ "எல்லாம் சரி" என்று கைகாட்டிவிட்டு மேலும் கீழே கொண்டு போனார். படம் எடுக்கும் இடம் அங்கேதான் இருந்தது போலும். கரையேறியபோது முகமூடிக்குள் இரத்தம். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஒற்றைக் காதால் வகுப்புக் கேட்டார் நண்பர். நிறுவனத்தாரிடம் சென்று கேட்டோம். "சளி இல்லை என்று நீங்கள்தானே கையெழுத்திட்டீர்கள்?" என்று படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். எங்கள் வாய் அடைத்துப் போயிற்று.

எங்கள் பாட்டி ஒரு கதை சொல்வார். தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னானாம். அதை நம்பிக் கப்பல் ஏறினார்களாம் நம் முன்னோர். இதைக் கேட்டுச் சிறுவயதில் சிரித்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் பசியால் ஏமாந்தனர். முதுகலை அறிவியல் படிக்கும் நான் இலவச வீடியோவுக்கு ஏமாந்தேன். யார் சிரிக்கத் தக்கவர்?

நிற்க. நடந்தது என்ன என்பதை அறிவியல் கொண்டு சற்றுப் பார்ப்போம். நிலத்தின்மேல் நம்மைக் காற்று ஒரு வளிமண்டல அளவு அழுத்துகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662ஆம் ஆண்டில் பாயில் வெளியிட்ட விதி. மேற்பரப்பில் ஒரு லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் அரை லிட்டர். 20 மீட்டரில் மூன்றில் ஒரு லிட்டர். எனவே பெரிய மாறுதல் நிகழ்வது முதல் 10 மீட்டரிலேதான். "ஆழம் குறைவு, பயமில்லை" என்று சொல்பவர் பாயில் விதியைப் படிக்காதவர். தடிமன் பிடித்தவரின் காதுக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள குழல் அடைத்திருக்கும். உள்ளே காற்றுப் போகாது. வெளியே நீர் அழுத்தும். நடுவில் நிற்கும் செவிப்பறை என்ன செய்யும்? மறுதலையாக, 10 மீட்டரிலே நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே எழும்பினால், அக்காற்று இரட்டிப்பாக விரிய முயன்று நுரையீரலையே கிழித்துவிடும். "மூச்சை அடக்காதே" என்பது முக்குளிப்போர்க்கு முதல் விதியானது இதனாலேதான். இவ்வளவையும் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன். படகில் ஏறியதும் மறந்தவன்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். விரைந்து வந்தால் கோலி சோடாவைத் திறந்தாற்போல இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் தோன்றும். மூட்டு வலி முதல் முடக்குவாதம் வரை அதனால் நேரும். இதைத் தடுக்க, ஆடுகளைக் கொண்டு சோதித்துப் படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் ஜே. எஸ். ஹால்டேனும் அவர் துணைவரும். அவர் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் அழுத்த அறைகளில் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு செவிப்பறையைக் கிழித்துக் கொண்டவர். 1957இல் நம் நாட்டுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். இன்று கடலடியில் நாம் வேடிக்கை பார்க்க உதவும் விதிகள் ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒருவர் வலி பொறுத்துக் கண்டவை. அவற்றை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிடும் உரிமை எந்தத் தரகருக்கும் இல்லை.

"மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்பது நம் பழமொழி. மலைமுகட்டில் தேன் எடுக்க இறங்குபவன், மேலே கயிறு பிடிக்கத் தன் மனைவியின் உடன்பிறந்தானையே நிறுத்துவானாம். கயிறு நழுவினால் தாலி இழப்பவள் தன் தங்கையல்லவா? ஆகவே அவன் கை நழுவாது. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக் குளிப்பிலும் இதே முறைதான். குளியாள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றில் கை வைத்துக் காத்திருப்பார். கீழிருந்து ஓர் அசைவு வந்தால் உடனே இழுப்பார். ஏன் என்று கேட்கமாட்டார். இன்னும் சற்று இரு என்று சொல்லமாட்டார்.

இன்று கயிறு இல்லை. 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞ்ஞானும் அமைத்த மூச்சுக் கருவி வந்தபின், காற்றை முதுகிலேயே சுமந்து செல்கிறோம். கயிறு போயிற்றே தவிர, கயிறு பிடிப்பவரின் வேலை போகவில்லை. பணம் கட்டும்போது நாம் வாங்குவது கடலையன்று, மீனையன்று, பவளப் பாறையையன்று. நம் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆளை அமர்த்துகிறோம். முன்பின் அறியாத அந்த ஆள் நமக்கு மைத்துனன் அல்லன். உறவு செய்த காவலை இப்போது கேள்விதான் செய்யவேண்டும்.

எந்தக் கேள்வி? நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, "எங்களில் யாரை நீங்கள் அழைத்துப் போகமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை, சளி என்று அவரே அடுக்கினால் அவர் தொழில் அறிந்தவர். மருத்துவர் சான்று கேட்டால் இன்னும் நல்லவர். "எல்லோரும் வரலாம்" என்று சிரித்தால் வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டாவது, "ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? எவ்வளவு ஆழம்?" என்று கேளுங்கள். பயிற்சி பெறாதவரைத் திறந்த கடலில் ஒரு பயிற்றுநர் நால்வருக்கு மேல் அழைத்துச் செல்லலாகாது, 12 மீட்டருக்குக் கீழே இறக்கலாகாது என்பது உலகெங்கும் கிளை பரப்பிய பாடி அமைப்பின் விதி. முதல் நிலைச் சான்று பெற்றவருக்கே 18 மீட்டர்தான். நம்மைப் போன்ற புதியவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கேட்டு வாங்குவதே முறை. பயிற்றுநரின் சான்றையும், அரசு தந்த அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா.

மூன்றாவது காற்று. சிலிண்டரைச் சோதித்த தேதி அதன் தோளிலே பொறிக்கப்பட்டிருக்கும், பாருங்கள். காற்று அடைக்கும் கம்ப்ரசரின் வாய், எஞ்சின் புகை வரும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓர் அழுத்தத்தில் செய்யும் தீமையை இரண்டு அழுத்தத்தில் பெருக்கிச் செய்யும். அழுத்தமானியின் முள்ளைப் படிக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். 200 பார் அளவில் தொடங்கி, 50 பார் மீதமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

நான்காவது, "தவறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். படகில் ஆக்சிஜன் உண்டா? அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு இத்தீவிலிருந்து எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு முகம் சுளிப்பவர் அதைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பாராதவர்.

ஐந்தாவது, "கடைசியாக எப்போது கடலுக்குப் போகாமல் திரும்பினீர்கள்?" என்பது. இக்கேள்விக்குத்தான் பெருமதிப்பெண் தருவேன். காற்றும் நீரோட்டமும் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. "அன்று அலை சரியில்லை, எல்லோர்க்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்" என்று ஒருவர் சொன்னால், அவரே உங்கள் மச்சான். ஹோடியைக் கரையேற்றிய எங்கள் அண்டை வீட்டார் கற்றுத்தந்த பாடம் அது.

ஆறாவது, பவளப் பாறையைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அது உயிருள்ளது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்வது. 1998இலும் 2010இலும் கடல் வெப்பம் மிகுந்து அந்தமான் பவளங்கள் வெளிறிப் போயின. 2004 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் பாறைகள் நீருக்கு மேலே உயர்ந்து மடிந்தன. இத்தனைக்கும் தப்பியதன் மேலே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்பவர், உங்கள் காதை மட்டும் காப்பார் என்று எப்படி நம்புவது? கரிபியக் கடலிலுள்ள போனேர் தீவில் 1979 முதல் கடற்பூங்கா நடத்துகிறார்கள். அங்கே பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் முதலில் விதிகளைக் கேட்டு, கரையோரத்தில் ஒருமுறை மூழ்கித் தம்மைச் சரிபார்த்துக் கொண்ட பின்னரே ஆழத்துக்குப் போகவேண்டும். அத்தகைய கண்டிப்பை விலை கொடுத்தேனும் வாங்கலாம்.

"மாணவர்களிடம் பணம் ஏது? விலை கூடினால் நல்லதாகிவிடுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆகாது. விலை உயர்ந்த இடத்திலும் கவனக்குறைவு உண்டு. எளிய இடத்திலும் நேர்மை உண்டு. விலையைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியாகக் கேளுங்கள் என்கிறேன். பணம் போதாவிட்டால் கரையோரம் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீரின்மேல் மிதந்தே பார்க்கலாம். இரண்டு ஆள் ஆழத்திலேயே வண்ண மீன்கள் உண்டு. "ஏன் இப்படி அச்சுறுத்துகிறாய்? எத்தனையோ பேர் போய்வருகிறார்களே" என்றும் சிலர் சொல்லலாம். உண்மைதான். அவர்கள் நலமாகத் திரும்புவது கடலின் இரக்கத்தால் அன்று. எவரோ ஒருவர் விதியை வழுவாமல் காத்ததால்.

ஆகவே நம் சுற்றுலாக் குழுவினர்க்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, மேலே சொன்ன ஆறு கேள்விகளை மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பி, வரும் விடைகளை மன்றக் கூட்டத்தில் படியுங்கள். விலையை அதன்பின் படியுங்கள். இரண்டு, முக்குளிப்பைப் பயணத்தின் தொடக்க நாள்களில் வையுங்கள். இப்போதைய திட்டத்தில் கடைசி நாள் காலையில் கடல், மாலையில் விமானம் என்று இருக்கிறது. ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமுமாவது விமானம் ஏறலாகாது. மேலே அழுத்தம் குறையும்போது அதே சோடாக் கதைதான். எங்களைப்போல் சென்னைக்கு மூன்று நாள் கப்பலில் போகிறவர்களுக்கு அக்கவலை இல்லை. நீங்கள் விமானத்தில் போகிறவர்கள்.

மூன்றாவது வேண்டுகோள் குழுவுக்கு மட்டுமன்று, நம் எல்லோர்க்கும். படகில் உட்கார்ந்தபின் ஒருவர் "நான் வரவில்லை" என்றால், ஏன் என்று கேட்காதீர்கள், கேலி செய்யாதீர்கள், அவர் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கீழே இறங்கியபின் ஒருவர் கட்டைவிரலை மேலே காட்டினால் எல்லோரும் மேலே வாருங்கள். விடுதியிலே வாய்க்கு வாய் மச்சான் என்கிறோம். கேன்டீனில் தேநீர் வாங்கித் தரவும் மச்சான், தேர்வுக் குறிப்புக்கும் மச்சான். அந்தச் சொல்லுக்குக் கயிறு பிடிப்பவன் என்று ஒரு பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டோம். படிவத்தை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்த நண்பர் அன்று தம் கயிற்றை என் கையில்தான் கொடுத்தார். நிறுவனம் விட்டது பிறகு. முதலில் விட்டவன் நான்.

அவர் காது இப்போது நன்றாகக் கேட்கிறது. இன்றும் என்னை மச்சான் என்றே அழைக்கிறார். அந்த அழைப்புக்குத் தகுதி பெறவே இதை எழுதினேன். போய்வாருங்கள் நண்பர்களே, தோழியரே! எங்கள் கடல் அழகானது. கேட்டுவிட்டு இறங்குங்கள்.